தறியும் கணிப்பொறியும்

தொண்டை நாட்டுப் பழம்பதிகளுள் தலைசிறந்தது காஞ்சிபுரம். பல்லவ மன்னர் அதனைத் தலைநகராகக் கொண்டு ஆண்டனர். கயிலாசநாதர் கோயிலும் வைகுந்தப் பெருமாள் கோயிலும் அவர்தம் கலைத்திறனை இன்றும் காட்டி நிற்கின்றன. விசயநகர வேந்தர் கிருட்டிணதேவராயர் 1509-இல் எடுப்பித்த ஏகாம்பரநாதர் கோயில் கோபுரம் தொலைவில் வருவோர் கண்ணுக்கும் புலனாகும். கோபுரங்களைக் கண்டு களித்து, கடைவீதியில் ஒரு பட்டுப் புடவை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவோர் பலர். அப்புடவை பிறந்த இடத்தைக் கண்டு திரும்புவோர் சிலரே. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடப்போர் செவியில் நாடா ஓடும் ஓசையும் பலகை மோதும் ஓசையும் மாறி மாறி விழும். அவ்வோசை எழும் வீடுகள் சிலவற்றில், தறி நிற்கும் கூடத்தை அடுத்த சிற்றறையில் இக்காலத்தில் வேறொரு பொறியும் இடம்பெற்றுள்ளது. அது கணிப்பொறி. தந்தை தறியில் அமர்வார்; மகன் கல்லூரிப் பாடம் முடிந்தபின் கணிப்பொறியின் முன் அமர்ந்து விளையாடுவான்.

அத்தகைய வீடு ஒன்றில் இரண்டும் பழையனவாகிவிட்டன என்று கொள்வோம். மகன் தந்தையிடம் வந்து, "அப்பா, இந்தக் கணிப்பொறி இனி உதவாது. புதிய விளையாட்டுகள் எல்லாம் இதில் தட்டுத் தடுமாறி ஓடுகின்றன. வேறொன்று வாங்க வேண்டும்" என்கின்றான். தந்தை ஓடும் நாடாவை நிறுத்தாமலே, "உதவாதது எது, தம்பி? முழுதுமா? அதில் ஒரு பகுதியா?" என்று வினவுகின்றார். அவர் கணிப்பொறி பயின்றவர் அல்லர். ஆயினும் நாற்பது ஆண்டு தறியில் அமர்ந்தவர் கேட்கத்தக்க கேள்வியையே அவர் கேட்டார். அக்கேள்விக்கு மகனால் உடனே விடை கூற இயலவில்லை.

பழுதுபட்ட பொருளைச் செப்பனிடுவது வேறு. பழுதின்றியே காலத்தால் பின்தங்கிய பொருளைப் புதுக்குவது வேறு. உடைந்த மிதியை மாற்றுவதற்கு எவரும் ஆராய்ச்சி செய்வதில்லை. மகனுடைய கணிப்பொறியோ உடையவில்லை. வாங்கிய நாளில் எதனைச் செய்ததோ, அதனை இன்றும் அவ்வண்ணமே செய்கின்றது. மாறியது பொறியன்று, அதனிடம் கேட்கப்படும் வேலையே மாறியது. இவ்வேற்றுமையை உணராது, "பழையது, ஆதலால் பழுது" என்று முடிவுகட்டுவோர் கைப்பொருளை வீணே இழப்பர். "ஓடுகின்றதே, ஏன் தொட வேண்டும்?" என்று வாளா இருப்போரும் ஒரு நாள் தொழிலையே இழப்பர். காஞ்சி நெசவாளர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியைத் தம் தறியில் பலமுறை தேடிக் கண்டவர். ஆதலின் தறியின் வரலாற்றை முதலில் அறிந்துகொள்ளுதல் நலம்.

காஞ்சிபுரத்தின் பழைய தறி குழித்தறியாகும். தரையில் வெட்டிய குழியின் விளிம்பில் நெசவாளர் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் இறக்கி மிதிகளை மிதிப்பார். பாவு எனப்படும் நெடுக்கிழைகள் அவர் முன் நீண்டு கிடக்கும். விழுதுகள் பாவைப் பிரித்து வழிதிறக்கும்; நாடா அவ்வழியே ஊடையை இட்டுச் செல்லும்; பலகையில் பொருந்திய அச்சு ஊடையை நெருக்கி அடிக்கும்; நெய்த துணி படமரத்தில் சுருளும். இவ்வுறுப்புகள் யாவும் தனித்தனியே கழற்றத்தக்கவை. அச்சுத் தேய்ந்தால் அச்சை மாற்றுவர். விழுது நைந்தால் விழுதை மாற்றுவர். கயிறு அறுந்தால் கயிற்றை மாற்றுவர். "இது எங்கள் பாட்டனார் காலத்துத் தறி" என்று பெருமையோடு காட்டப்படும் தறியில், பாட்டனார் தொட்ட மரம் ஒன்றோ இரண்டோதான் எஞ்சியிருக்கும். ஆயினும் அது பாட்டனார் தறியே, அதில் ஐயமில்லை.

காஞ்சிப் புடவையின் சிறப்பு அதன் கோர்வையில் உள்ளது. புடவையின் உடல் ஒரு நிறம். கரை மற்றொரு நிறம். உடலுக்கு ஓர் ஊடை, இருபுறக் கரைகளுக்கும் வேறு ஊடைகள். ஆக மூன்று நாடாக்கள் ஓடும். உடலும் கரையும் கூடும் வரம்பில் ஓர் ஊடை மற்றோர் ஊடையைப் பற்றிக் கோத்துக்கொள்ளும். துணி நைந்தாலும் இணைப்பு நையாது என்று இவ்வூரார் பெருமையாகக் கூறுவர். ஆனால் மூன்று நாடாக்களையும் ஒருவரே விடுதல் அரிது. நெசவாளருக்குப் பக்கத்தில் துணையாள் ஒருவர் அமர்ந்து ஒருபுறக் கரையின் நாடாவை விட வேண்டும்.

கரையிலும் முந்தியிலும் மயில், அன்னம், யாளி, உருத்திராக்கம், கோபுரம் முதலிய கோலங்கள் அமைய வேண்டுமாயின் இன்னும் ஒரு துணை வேண்டும். எந்த ஊடைக்கு எந்தப் பாவிழைகள் எழ வேண்டும் என்பதைப் பண்டைக் காலத்தில் நூற்கட்டுகளாகத் தறியின்மேல் கட்டி வைத்தனர். அதற்கு அடை என்று பெயர். தறியருகில் ஒருவர் இருந்து கட்டுகளை முறைதவறாது இழுத்துக் கொடுக்க, நெசவாளர் நாடாவை விடுவார். ஒரு கட்டுப் பிழைபட்டால் மயிலின் கழுத்து முறிந்துவிடும்! இவ்விரு துணையிடங்களிலும் முற்காலத்தில் பெரும்பாலும் சிறுவரே அமர்ந்தனர் என்பதனை மறைத்தல் ஆகாது. பள்ளி செல்ல வேண்டிய பருவத்தைத் தறியடியில் கழித்தவர் பலர். பட்டின் பளபளப்பைப் புகழ்வோர் இதனையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

அடை கட்டும் முறையை மாற்றியது ஜக்கார்டு என்னும் கருவி. அது பிறந்த இடம் காஞ்சி அன்று. கடல் கடந்த மற்றொரு பட்டு நகரம். பிரான்சு நாட்டு லியோன் நகரில் 1752-இல் பிறந்த சோசப் மாரி ஜக்கார்டு என்பவர் 1804-இல் அதனை அமைத்தார். அங்கும் கோல இழைகளை இழுப்பதற்குத் தறிக்கு ஒரு சிறுவன் அமர்ந்திருந்தான். ஜக்கார்டு வெறுவெளியில் நின்று புதுமை படைத்தார் அல்லர். 1725-இல் புசோன் என்பவர் துளையிட்ட தாட்சுருளால் இழைகளைத் தெரிந்தெடுக்கும் வழியைக் கண்டிருந்தார்; மூன்றாண்டுகளில் ஃபால்கோன் என்பவர் தாளுக்கு மாற்றாகத் துளையட்டைகளைக் கோத்துப் பயன்படுத்தினார்; பின்னர் வோகான்சோன் என்னும் பொறிவல்லுநர் தாமே இழை தெரியும் தறி ஒன்றைச் செய்தார். அத்தறி எவராலும் பயன்கொள்ளப்படாமல் பாரிசு நகரின் கலைக்கூடம் ஒன்றில் கிடந்தது. அதனைக் கண்டு ஆராய்ந்து, குறை களைந்து, முன்னோர் இருவர் முறைகளையும் அதனோடு இணைத்தே ஜக்கார்டு தம் கருவியை ஆக்கினார். பழம்பொறி ஒன்றைப் புதுக்கியதன் பயனே அது.

ஜக்கார்டு ஒரு தறி அன்று என்பதை மாணவர் நன்கு நினைவிற் கொள்க. அது தறியின் தலைமேல் ஏற்றிவைக்கும் ஒரு பெட்டி. கோலம் அமைந்த ஒவ்வோர் ஊடைக்கும் ஓர் அட்டை உண்டு. துளையுள்ள இடத்தில் ஊசி நுழையும். அதனோடு சேர்ந்த கொக்கி எழும். கொக்கியிற் கட்டிய பாவிழையும் எழும். துளையில்லா இடத்தில் இழை எழாது. கீழே உள்ள மரம், மிதி, பலகை, அச்சு யாவும் முன்போலவே இருக்கலாம். தறியை எறியாமல் அதன் திறனை உயர்த்தியமையே அக்கருவியின் வெற்றிக்கு ஒரு காரணம்.

எனினும் புதிய உறுப்பு ஒன்று வந்து சேருமிடத்துப் பழைய உறுப்புகள் அதனைத் தாங்க வேண்டுமன்றோ? லியோனில் அந்தப் பெட்டியை ஏற்றிய தறிகள் உயர்ந்து நின்றன. பழைய வீடுகளின் கூரை இடித்தது. ஆதலால் நெசவாளர் குருவா ரூசு என்னும் குன்றின்மேல், ஏறத்தாழ 4 மீட்டர் உயரமுள்ள கூடங்கள் கொண்ட புதுவீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். பெட்டி சிறிது, அதற்காக மாறியதோ வீடு! காஞ்சிபுரத்திலும் இதே இடர் தோன்றியது. கூரை தாழ்ந்த வீட்டில் ஜக்கார்டு ஏற்ற இயலாது. பெட்டியின் சுமை கூடும்போது பழைய சட்டம் தளரும். கொக்கிகளைத் தூக்கும் மிதி கனத்துக் கால் வலிக்கும். அதற்கென மின்னியக்கி பொருத்துவோரும் உண்டு. அப்போது மின்னிணைப்பைச் செம்மைப்படுத்த வேண்டும். மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறினால் வேலை நிற்கும். அதற்கு அஞ்சுவோர் குழியை மூடி, தரைக்கு மேல் சட்டத்தறி அமைப்பர். ஒன்றை மாற்றப் புகுந்தவர் மூன்றை மாற்றி முடிப்பது இவ்வாறுதான்.

துளையட்டை தறியோடு நின்றுவிடவில்லை. 1839-இல் லியோன் நெசவாளர் ஜக்கார்டின் உருவத்தையே 24,000 அட்டைகள் கொண்டு பட்டில் நெய்தனர். அப்பட்டுப் படம் ஒன்றை இங்கிலாந்தின் கணித அறிஞர் சார்லசு பாபேசு வாங்கி வைத்திருந்தார். தாம் எண்ணிய கணிக்கும் பொறிக்கும் அத்தகைய அட்டைகளால் ஆணையிடலாம் என்று அவர் கருதினார். அப்பொறி அவர் வாழ்நாளில் முற்றுப்பெறவில்லை. 1890-இல் அமெரிக்க நாட்டின் குடிமதிப்புக் கணக்கை ஏர்மன் ஆலரித்து என்பவர் துளையட்டைப் பொறிகளால் விரைவில் எண்ணி முடித்தார். அவர் தொடங்கிய நிறுவனம் வேறு சிலவற்றோடு இணைந்து 1924 முதல் ஐபிஎம் என்னும் பெயர் பெற்றது. ஆகவே, கூடத்தில் நிற்கும் தறியும் சிற்றறையில் இருக்கும் கணிப்பொறியும் ஒன்றுக்கொன்று அயல் அல்ல, உறவின் முறையினவே. தறியைப் பற்றித் தந்தை கேட்ட கேள்வி கணிப்பொறிக்கும் பொருந்துவதில் வியப்பில்லை.

விளையாட்டுக் கணிப்பொறியிலும் உறுப்புகள் பல. எண்ணிச் செய்யும் உறுப்பு மையச்செயலி. திரையில் தோன்றும் காட்சிகளை வரையும் உறுப்பு வரைகலை அட்டை. செய்துகொண்டிருக்கும் வேலையைக் கையிருப்பில் வைக்கும் உறுப்பு நினைவகம். இவற்றுக்கெல்லாம் மின்னூட்டுவது மின்வழங்கி. இவற்றையெல்லாம் தாங்கி இணைப்பது தாய்ப்பலகை. காட்சி இயல்பாக அசைவதாகத் தோன்ற வேண்டுமாயின், பொறி நொடிக்கு ஏறத்தாழ 60 படங்களை வரைந்து தருதல் வேண்டும். 30-க்குக் கீழே இறங்கினால் ஓட்டம் தடைபட்டு, குதிரை நொண்டுவதுபோல் தோன்றும்.

இக்குறை எவ்வுறுப்பால் நேர்கின்றது? அதனை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. விளையாட்டில் படத்தின் புள்ளிச் செறிவைக் குறைத்துப் பார்க்க வேண்டும். குறைத்தவுடன் ஓட்டம் விரைவுபட்டால், திணறியது வரைகலை அட்டை. குறைத்த பின்னும் ஓட்டம் பெரிதும் மாறவில்லையாயின், மையச்செயலியே பின்தங்குகின்றது என்று கொள்ளலாம். ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்லும்போது மட்டும் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தால், சுழலும் பழைய வட்டை நீக்கித் திண்மநிலைச் சேமிப்பகம் ஒன்றைப் பொருத்தினால் போதும், செலவும் சிறிது. முதல் அரைமணி நேரம் நன்றாக ஓடிப் பின்னர்த் தளர்ந்தால், ஐயுற வேண்டியது வெப்பத்தை. பெட்டியைத் திறந்து தூசி துடைத்து, செயலியின்மேல் உலர்ந்துபோன வெப்பக் களிம்பைப் புதிதாக இட்டாலே சில பொறிகள் மீண்டும் பழைய வேகம் பெறுகின்றன. தறியும் பஞ்சும் உள்ள வீட்டில் இது முதலிற் செய்ய வேண்டிய வேலை. பட்டு நூற்கும் வீட்டுக் கணிப்பொறியின் விசிறியில் என்னென்ன சிக்கியிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

ஒரு பொறியை ஒரே நாளில் முதுமையாக்கவும் முடியும். 1920-க்கு 1080 என்னும் அளவுள்ள திரையில் இருபது இலட்சத்துக்கும் சற்று மிகுதியான புள்ளிகள் உள்ளன. 3840-க்கு 2160 என்னும் திரையில் அவற்றைப் போல் நான்கு மடங்கு. அண்டை வீட்டாரைப் பார்த்துப் பெரிய திரை வாங்கியவன், மறுநாள் தன் வரைகலை அட்டை கெட்டுவிட்டது என்று வருந்துவதில் பொருளில்லை. சிறுகரைக்கென அமைந்த ஜக்கார்டில் பெருங்கரை நெய்ய முற்படுவது போன்றதே அது.

குறையுள்ள உறுப்பைக் கண்டபின் எழும் கேள்வி, புதிய உறுப்பைப் பழைய அடிப்படை ஏற்குமா என்பதே. இங்கே கணிப்பொறி செய்வோர் எல்லாரும் ஒரே வழியிற் செல்லவில்லை. ஏஎம்டி நிறுவனம் 2017-இல் ரைசன் செயலிகளுக்கென விற்ற ஏஎம்4 என்னும் பொருத்துவாய், 2022-இல் வெளிவந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி என்னும் செயலியையும் ஏற்றது. தாய்ப்பலகையின் அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்து, ஐந்தாண்டுப் பழைய பலகையில் அதனைப் பொருத்தி விளையாடியவர் உலகெங்கும் உளர். இன்டெல் நிறுவனத்தின் வழி வேறு. 2017-இல் வந்த அதன் எட்டாம் தலைமுறைச் செயலிகள் முந்தியவற்றைப் போலவே 1151 தொடுமுனைகள் கொண்டிருந்தும், முந்திய தாய்ப்பலகைகளில் இயங்கவில்லை. வாயளவு ஒன்றாயினும் உறவு வேறு! கடைக்காரர் சொல்லை மட்டும் நம்பாது, தாய்ப்பலகை செய்தவர் வெளியிட்ட பட்டியலைப் பார்த்தபின் செயலி வாங்குவதே அறிவுடைமை.

நினைவகத்திலும் இதே நிலை. டிடிஆர்4 வகைத் துண்டு டிடிஆர்5 இடத்தில் நுழையாது. வெட்டுவாயே வேறிடத்தில் உள்ளது. வரைகலை அட்டையின் பொருத்துவாய் மட்டும் நெடுங்காலமாக முன்பின் ஒத்து வருவது; புதிய அட்டை பழைய பலகையிலும் இயங்கும். ஆயின் அதன் மின்பசி பெரிது. 2025-இல் வெளிவந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 5090 என்னும் அட்டை ஒன்றே 575 வாட்டு வரை மின்னாற்றல் கொள்வது. அட்டைக்காக மின்வழங்கி, மின்வழங்கிக்காகப் பெட்டி, அட்டையின் வேகத்துக்கு ஈடுகொடுக்கச் செயலி, செயலிக்காகப் பலகை, பலகைக்காக நினைவகம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கத் தொடங்கிவிட்டால், அது லியோன் நகரத்துக் கூரைக் கதையே. அங்ஙனம் கேட்குமிடத்து முழுதும் மாற்றுதலே சிக்கனம். ஓர் உறுப்பு, மிஞ்சினால் இரண்டு உறுப்பு மாற்றிக் குறை தீருமாயின் புதுக்குதலே தக்கது.

உறுப்புகள் நன்றாய் இருந்தும் மாற்றும் நிலை வருவதும் உண்டு. மைக்ரோசாப்டு நிறுவனம் விண்டோசு 10 என்னும் இயக்க மென்பொருளுக்குரிய வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்தியது. அடுத்த பதிப்போ, குறித்த தலைமுறைக்கு முற்பட்ட செயலிகளை முறைப்படி ஏற்பதில்லை. விலையின் போக்கையும் பார்க்க வேண்டும். அதே 2025-இன் கடைசி மாதங்களில், செயற்கை நுண்ணறிவுக்கான பெருங்கணிப்பொறிக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டமையால், அவற்றின் விலை பெரிதும் ஏறியது. முந்திய ஆண்டு முழுதும் மாற்றியவன் ஆதாயம் பெற்றான். பொறுத்திருந்தவன் தன் பழைய நினைவகத் துண்டுகளைப் பொன்போற் போற்ற நேர்ந்தது.

இனித் தந்தையின் தறிக்கு வருவோம். அவர் முன்னிலும் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, பழைய ஜக்கார்டுப் பெட்டியை இறக்கிவிட்டு மின்னணு ஜக்கார்டை ஏற்றுவது. 1983-இல் மிலான் நகரப் பொறிக்காட்சியில் போனாசு என்னும் ஆங்கில நிறுவனம் முதன்முதலாகக் காட்டிய அக்கருவி, நாளடைவில் கைத்தறிக்கும் ஏற்ற வடிவில் வந்து சேர்ந்தது. அதில் அட்டை இல்லை. கணிப்பொறியில் வரைந்த கோலத்தை விரலளவு நினைவுக் கோலில் ஏற்றிக் கொடுத்தால், மின்காந்தங்கள் கொக்கிகளைத் தெரிந்தெடுக்கும். முந்தி முழுதும் நிறைந்த கோலத்துக்கு ஆயிரக்கணக்கான அட்டைகளைத் துளையிட்டுக் கோத்துத் தொங்கவிட்டு, அவை மழைநாளில் நமுத்துப்போகாமல் காத்தவருக்கு அதன் அருமை தெரியும். அட்டைக் கோலத்தை மாற்றப் பல நாட்கள் ஆகும்; இதில் சில நிமிடங்களில் மாற்றலாம்.

ஆயினும் தந்தை தயங்குகின்றார். அத்தயக்கம் அறியாமை அன்று. அட்டைப் பெட்டியில் ஊசி வளைந்தால் அவரே நிமிர்த்துவார். வில் தளர்ந்தால் அடுத்த தெருவிலிருந்து ஒருவர் வருவார். மின்பலகை கெட்டால் வெளியூர்க்காரருக்குச் சொல்லியனுப்பிவிட்டுத் தறியை நிறுத்திவைக்க வேண்டும். மின்சாரம் நின்றால் கோலமும் நிற்கும். புதிய கருவிக்கு இழைக்கட்டுகளை மீளக் கட்டிப் பாவைப் புதிதாய்க் கோக்கும் நாட்களில் கூலி இல்லை. ஆதலால் இத்தகைய மாற்றத்தை நெசவாளர் ஒரு பாவு முடிந்து மறுபாவு ஏற்றும் இடைவெளியில்தான் செய்வர். நடுவண் அரசின் கைத்தறித் திட்டங்களில் கருவி விலையில் 100-க்கு 90 பங்கு வரை அரசே ஏற்றதுண்டு. காஞ்சிபுரத்து நெசவாளர் சேவை மையம் கோலம் அமைக்கவும் தறியைச் செம்மைப்படுத்தவும் வழிகாட்டுகின்றது. சேலத்தில் 1960-இல் தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் இத்துறையில் இளைஞரைப் பயிற்றுகின்றது. விலைக்கு உதவி கிடைக்கும். நின்றுபோகும் நாட்களுக்கு உதவி கிடைப்பது அரிது. தந்தையின் கணக்கு முழுதும் அந்த நாட்களைப் பற்றியதே.

மற்றொரு வழி, கைத்தறியையே விட்டு விசைத்தறிக்கு மாறுவது. வேகத்தை மட்டும் அளப்பவர்க்கு இதில் ஆராய ஒன்றுமில்லை. மகன் தன் கணிப்பொறியை அடியோடு மாற்றினால் அதே விளையாட்டு இன்னும் நன்றாய் ஓடும். இழப்பு பணம் ஒன்றே. தந்தை தறியை அடியோடு மாற்றினாலோ, அதே புடவை இன்னும் விரைவாய் வருமா? வராது. அகலம் முழுதும் ஒரே ஊடை விரைந்தோடும் விசைத்தறியில், உடலும் கரையும் தனித்தனி ஊடை பெற்று வரம்பில் கோத்துக்கொள்ளும் கோர்வை இயல்பாக அமைவதில்லை. முந்தியின் நிறத்துக்கென வேறு பாவை இழை இழையாக உடற்பாவோடு கையால் பிணைக்கும் பிட்னி வேலைக்கும் அங்கே இடமில்லை. வருவது வேறு புடவை. அதற்குக் காஞ்சிபுரம் என்று பெயரிட்டு விற்பதும் முறையன்று. 1985-இல் இயற்றப்பட்ட கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் குறித்த சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே உரியவை என வரையறுத்தது. முதலில் 22 வகைகளாக இருந்த அப்பட்டியல் பின்னர் 11 ஆகச் சுருங்கிய போதும் புடவை அதில் நீங்கவில்லை. 2005-இல் காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடும் பெற்றது. சட்டம் எல்லாவிடத்தும் காக்கின்றதா என்று கடைவீதியைச் சுற்றி வருவோர் ஐயுறலாம். போலிப் புடவைகள் குறைந்தபாடில்லை.

ஆகவே தறிக்குரிய முடிவு கணிப்பொறிக்குரிய முடிவினின்று ஓரிடத்தில் வேறுபடுகின்றது. மூன்று நாடா ஓடும் அடித்தறி நிற்க வேண்டும். அதன்மேல் எது வேண்டுமாயினும் மாறலாம். தமிழ்நாட்டுக் கோயில் தேர்களில் இதனை ஒத்த செயலைக் காணலாம். திருவாரூர்ப் பெருந்தேர்க்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்களும் நீரழுத்தத் தடைகளும் பொருத்திக் கொடுத்தது. மேலிருக்கும் தேர் தேராகவே ஓடுகின்றது. தறியில் மாறத் தக்கது இன்னும் ஒன்றுண்டு. அது பக்கத்துத் துணையாளின் இடம். 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் பள்ளிகளின் பெருக்கமும் சிறுவரை அவ்விடத்தினின்று எழுப்பின. எழுப்பியது நன்றே. இன்று வளர்ந்த துணையாள் கிடைப்பது அரிதாகிவிட்டமையால், கோர்வை நெய்யாமலே விடுவோர் பெருகி வருகின்றனர். ஒருவரே மூன்று நாடாவையும் விடுதற்கேற்ற பலகை அமைப்புகள் செய்து பார்க்கப்பட்டுள்ளன. மின்னணு ஜக்கார்டைக் காட்டிலும் அத்தகைய பலகை ஒன்று செவ்வையாய் அமையுமாயின் தந்தைக்குப் பயன் பெரிது. முந்தியில் ஆயிரம் கோலம் விழுந்தாலும், கரையைக் கோக்க ஆளில்லையேல் அத்தறியில் காஞ்சிப் புடவை நெய்ய இயலாது.

மாற்றி எடுத்த உறுப்புகளைப் பற்றியும் ஒரு சொல். மகன் கழற்றும் வரைகலை அட்டைக்குச் சென்னை ரிச்சித் தெருவில் வாங்குவோர் உண்டு. விலைபோகாத மின்பலகைகளைக் குப்பையில் எறிதல் கூடாது. அவற்றில் ஈயம் முதலிய நச்சுப்பொருள்கள் உள்ளமையால், பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்துக்கே அவை சென்று சேர வேண்டும். தந்தை இறக்கும் ஜக்கார்டுப் பெட்டி, சிறுகரை நெய்யும் மற்றொருவர் தறிமேல் ஏறும். அட்டைக் கட்டுகளை மட்டும் பல நெசவாளர் விற்பதில்லை. நூலால் கோத்த கோலம் கலையாதபடி மடித்துக் கட்டிப் பரணில் ஏற்றி வைக்கின்றனர். இருபது ஆண்டு கழித்தும், தாயின் திருமணப் புடவையைக் கையிற் கொண்டு, "இதே மயில் வேண்டும்" என்று கேட்டு வரும் பெண்கள் உளர்.